ஒரே விளையாட்டு, வேறு வேறு நாள்: இதற்குத் தமிழில் என்ன சொல்?

கொக்குவில் விரிவுரையாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு சொல் வேண்டும். சந்தைப்படுத்தல் படிக்கும் இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்கு ஒரு கைந்நூல் தயாரிக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரு விளையாட்டை எல்லாத் தளங்களிலும் ஒரே நாளில் விற்காமல், இன்றைக்கு பிளேஸ்டேஷனுக்கு, அடுத்த வருடம் கணினிக்கு என்று விட்டுவிட்டு வெளியிட்டால் விற்பனை என்ன ஆகிறது என்பது அதில் ஓர் அத்தியாயம். ஆங்கிலத்தில் 'ஸ்டாகர்ட் ரிலீஸ்' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நான் ஒவ்வொரு இடத்திலும் ஒன்றரை வரி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு விடயம் புதிதில்லை. இங்கே பிளேஸ்டேஷன் மாதிரியான கொன்சோல், அதாவது விளையாட்டுக்கென்றே உள்ள பெட்டி, வைத்திருப்பவர்கள் குறைவு, எல்லாம் கணினிதான். 'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ' (ஜீ.ரீ.ஏ.) 6 என்ற விளையாட்டைப் பற்றிய முதல் அறிவிப்பில் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பொக்ஸ் என்று மட்டும் வந்தபோது வகுப்பில் எழுந்த பெருமூச்சைக் கேட்டிருக்க வேண்டும்.

வரைவில் 'படிநிலை வெளியீடு' என்று போட்டிருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை.

நல்லூர் அக்கா எழுதியது:

தம்பி, படிநிலை வேண்டாம். படிநிலை என்றால் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. கணினிக்காரன் கீழ்ப்படியில் நிற்கிறான் என்று படும். 'தவணை வெளியீடு' யோசித்துப் பார்த்தேன். எங்கள் பிள்ளைகளுக்குத் தவணை என்றால் பள்ளிக்கூடத் தவணை, இல்லையென்றால் வங்கிக் கடன். அதோடு விளையாட்டைத் துண்டு துண்டாக விற்பது போலவும் பொருள் வருகிறது. அத்தியாயம் அத்தியாயமாக வருகிற விளையாட்டுகளும் உண்டு என்று பேரன் சொல்கிறான். அந்தச் சொல்லை அவற்றுக்கு விட்டுவைப்போம்.

என் முன்மொழிவு: பந்தி வெளியீடு. கலியாண வீட்டில் சமைத்தது ஒரே சாப்பாடு, ஒரே நேரத்தில் எல்லோரையும் இருத்த முடியாததால் முதற்பந்தி, இரண்டாம் பந்தி. முதற்பந்திக்காரனுக்கு வடை சுடச்சுடக் கிடைக்கும். இரண்டாம் பந்திக்காரன் அதற்குள் 'பாயாசத்தில் இனிப்புக் காணாது' என்று கேள்விப்பட்டிருப்பான், சமையல்காரனும் சீனி போட்டிருப்பான். நீங்கள் சொல்லும் விளையாட்டிலும் பிழைகளைத் திருத்தித்தானே பின்னால் வருகிறவனுக்குக் கொடுக்கிறார்கள்?

மதுரை நண்பர் எழுதியது:

அக்கா, பந்தி அருமை. "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்று பழமொழியே கையில் இருக்கிறது. அப்புறம், 'தளம்' என்று மொட்டையாக விடாதீர்கள். இங்கே தளம் என்றாலே இணையதளம்தான். 'இயங்குதளம்' என்று முழுதாகப் போடுங்கள்.

ரொறன்ரோத் தம்பி எழுதியது:

> 'இயங்குதளம்' என்று முழுதாகப் போடுங்கள்

அண்ணா, உங்கள் பக்கம் இயங்குதளம் என்றால் விண்டோஸ், லினக்ஸ். அதையே பிளேஸ்ரேசனுக்கும் வைத்தால் குழம்பாதா? எங்கட பாடநூலில் விண்டோஸ் 'பணிசெயல் முறைமை'. அதனால் எங்களிடம் இயங்குதளம் சும்மா கிடக்கிறது, உங்களிடம் ஏற்கெனவே வேலைக்குப் போய்விட்டது.

மதுரை நண்பர் எழுதியது:

அந்தச் சிக்கல் அதோடு முடியாது தம்பி. உங்கள் பாடநூலில் 'நிறை' என்றால் தராசு காட்டுவது, எங்கள் பாடநூலில் அது எடை. எங்கள் 'நிறை' உங்களுக்குத் 'திணிவு'. இரண்டு கரையிலும் பௌதிகம் படித்தவன் பைத்தியம்தான் ஆக வேண்டும்.

(நாங்கள் இயற்பியல் என்போம். உங்களுக்காகப் பௌதிகம்.)

தெல்லிப்பழைப் பண்டிதர் ஐயா எழுதியது:

அன்பர்களே, திணிவுக்கும் நிறைக்கும் வேறொரு நாள் வருவோம். அது பெரிய வழக்கு.

'பந்தி' பற்றி. அது 'பங்க்தி' என்னும் வடசொல்லின் திரிபு. வடசொல் ஆகாது என்று நான் சொல்லவில்லை. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்கையும் தொல்காப்பியரே செய்யுளுக்கு ஏற்றுக்கொண்டவர். ஆனால் புதிதாக ஒரு சொல்லைப் பிறப்பிக்கும்போது இரவல் தொட்டில் எதற்கு? மேலும் பங்க்தியின் அடிப்பொருள் ஐந்தின் தொகுதி. வரிசை என்பது பின்னால் வந்தது. நம்மிடம் வந்தபின் அது குதிரை கட்டுமிடமும் ஆயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் பாடசாலைகளில் பந்தி என்றால் என்ன? "பின்வரும் பந்தியை வாசித்து வினாக்களுக்கு விடை எழுதுக." தமிழ்நாட்டார் பத்தி என்பதை நாம் பந்தி என்கிறோம். உங்கள் மாணவன் பந்தி வெளியீடு என்றதும் விளையாட்டைப் பத்தி பத்தியாக அச்சிடுகிறார்கள் என்று நினைப்பான்.

நான் முன்வைப்பது: விட்டிசை வெளியீடு. யாப்பிலே இரண்டு உயிர்கள் உடம்படுமெய் பெற்றுக் கூடாமல் தனித்தனியே நின்று ஒலிப்பதை விட்டிசைத்தல் என்போம். இங்கேயும் இரண்டு வெளியீடுகள், நடுவிலே சேர்த்துவைக்கும் மெய் இல்லை. விட்டிசைக்க வேண்டிய இடத்தில் விட்டிசைத்தால் அது பிழையாகாது, ஓசை நயம். விடக்கூடாத இடத்தில் விட்டால் செய்யுள் கெடும். வியாபாரத்திலும் அதுதானே உங்கள் கேள்வி? 1860களில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த கிறீன் வைத்தியர் மேலை மருத்துவம் முழுவதையும் தமிழில் படிப்பித்தார். அந்த மண்ணில் ஒரு விளையாட்டுப் பொருளுக்குச் சொல் கிடைக்காமலா போகும்?

ஒரு சிறு குறை: தம்பிமார் 'பிளேஸ்டேஷன்', 'பிளேஸ்ரேசன்' என்று ஆளுக்கொன்று எழுதுகிறீர்கள். நாம் ரொறன்ரோ என்றும் அவர்கள் டொராண்டோ என்றும் எழுதுவது ஒருபுறமிருக்க, ஓர் இழைக்குள்ளாவது ஒருமை வேண்டாமா?

ரொறன்ரோத் தம்பி எழுதியது:

ஐயா, பங்க்தி ஐந்து என்றால் இன்னும் பொருத்தம். பிளேஸ்ரேசன், எக்ஸ்பொக்ஸ், நின்ரெண்டோ, கணினி, கைப்பேசி. எண்ணிப் பாருங்கள்.

சேர், சொல்லைப் பிடிக்க முன் பொருளைப் பிடிக்க வேண்டும் என்று வகுப்பில் நீங்கள்தான் சொன்னீர்கள். இங்கே ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு விடயங்கள் கிடக்கின்றன. ஃபைனல் ஃபான்ரசி 16 வந்தது 2023 ஜூனில், பிளேஸ்ரேசன் 5க்கு மட்டும். கணினிக்கு 2024 செப்ரெம்பர். முதல் ஆறு மாதம் வேறு பெட்டியில் வராது என்று முன்கூட்டியே பேசி வைத்தது. பால்டர்ஸ் கேற் 3ஐப் பாருங்கள். 2023 ஓகஸ்ற் 3 கணினி, செப்ரெம்பர் 6 பிளேஸ்ரேசன், எக்ஸ்பொக்ஸுக்கு டிசெம்பர். யாரும் ஒப்பந்தம் போட்டுத் தள்ளவில்லை. எக்ஸ்பொக்ஸின் சிறிய பெட்டியில் இரண்டு பேர் ஒரே திரையைப் பிரித்து விளையாடும் வசதி சரிவரவில்லை, அதனால் பிந்தியது. வேலை முடியாததால் வந்த இடைவெளியையும் காசுக்காக வைத்த இடைவெளியையும் ஒரே சொல்லால் சொல்லலாமா?

கொக்குவில் விரிவுரையாளர் எழுதியது:

தம்பி, இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அத்தியாயத்தின் நடுவே நான் தடுமாறிய இடமும் இதுதான்.

விற்பனைக் கணக்கைப் பார்க்கும்போது இந்த வேறுபாடுதான் முக்கியம். ஜீ.ரீ.ஏ. 5 வெளிவந்தது 2013 செப்டெம்பர் 17, பழைய பெட்டிகளுக்கு. முதல் நாளில் 80 கோடி டொலர், மூன்று நாளில் 100 கோடி. அடுத்த தலைமுறைப் பெட்டிகளுக்கு 2014 நவம்பர். கணினிக்கு 2015 ஏப்ரல் 14, சரியாக நமக்குச் சித்திரை வருசப்பிறப்பு அன்று. 2022இல் இன்னொரு தலைமுறைக்கு இன்னொரு முறை. இதுவரை 20 கோடிப் பிரதிகளுக்கு மேல். இதைக் காட்டி 'பார்த்தீர்களா, தள்ளித் தள்ளி விற்றால் நல்லது' என்று ஒரு பிள்ளை எழுதுவான். ஒரே ஆள் இரண்டு தடவை, மூன்று தடவை வாங்கியதும் அந்தக் கணக்கில் இருக்கிறது, அதன் இணைய விளையாட்டு ஆண்டுக்கணக்காக ஓடியதும் இருக்கிறது. எப்படி விட்டாலும் விற்றிருக்கக்கூடிய விளையாட்டு அது. அதை வைத்து உத்திக்குச் சான்று சொல்ல முடியாது.

மறுபக்கம், ரைஸ் ஒஃப் த ரூம் ரெய்டர். 2015 நவம்பர் 10இல் எக்ஸ்பொக்ஸுக்கு மட்டும். பிளேஸ்டேஷன் 4 வைத்திருந்தவர்களே அப்போது அதிகம், அவர்கள் 2016 ஒக்டோபர் வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது போதாதென்று ஃபோல்அவுட் 4 வந்ததும் அதே நவம்பர் 10. விளம்பரத்தின் சூடு ஒரு தளத்தில் எரிந்து தீர்ந்த பிறகு இன்னொரு தளத்தில் திரும்ப மூட்ட வேண்டும். அதற்குள் கதையின் முடிவு யூடியூப்பில் கிடக்கும்.

மூன்றாவது வகையைத்தான் பிள்ளைகள் கவனிப்பதில்லை. ஹொரைசன் ஸீரோ டோன் 2017இல் பிளேஸ்டேஷன் 4க்கு, கணினிக்கு 2020 ஓகஸ்டில். அதன் அடுத்த பாகம் 2022 பெப்ரவரியில் பிளேஸ்டேஷனுக்கு. கோட் ஒஃப் வோர் 2018இல், கணினிக்கு 2022 ஜனவரி, அடுத்த பாகம் அதே ஆண்டு நவம்பரில் பிளேஸ்டேஷனுக்கு. பழையதைக் கணினிக்காரனுக்குக் கொடுத்து, புதியதற்குப் பெட்டி வாங்கச் சொல்லும் வேலை இது. பிந்திய விற்பனையின் இலாபத்தை விளையாட்டின் கணக்கில் மட்டும் தேடினால் கிடைக்காது, பெட்டியின் கணக்கிலும் தேட வேண்டும். ஆனால் பலர் சேர்ந்து இணையத்தில் விளையாடுவது என்றால் பிளேஸ்டேஷனை விற்கும் அதே சோனி நிறுவனம் வேறு மாதிரி நடக்கிறது. ஹெல்டைவர்ஸ் 2 வந்தது 2024 பெப்ரவரியில், பிளேஸ்டேஷன் 5க்கும் கணினிக்கும் ஒரே நாளில். 12 வாரத்தில் 1 கோடி 20 இலட்சம் பிரதிகள். கூட்டம் இல்லாத இணைய விளையாட்டை யார் வாங்குவான்? ஃபைனல் ஃபான்டசிக்காரரும் விற்பனை எதிர்பார்த்த அளவு வரவில்லை என்று சொல்லி 2024 மே மாதத்தில் பல தளக் கொள்கைக்கு மாறினார்கள்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். பிந்துதல் தன்வினை. பால்டர்ஸ் கேட் எக்ஸ்பொக்ஸுக்குப் பிந்தியது. பின்தள்ளுதல் என்றால் தள்ளிய கை ஒன்று இருக்கிறது. ஆகவே ஒன்று 'பிந்திய வெளியீடு', மற்றது 'பின்தள்ளிய வெளியீடு'. இரண்டையும் மூடி நிற்க ஒரு பொதுச்சொல் வேண்டும். 'முறைவைப்பு' என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதினார். வணிகம் படிக்கிற பிள்ளைகளிடம் வைப்பு என்றால் 'நிலையான வைப்புக்கு எத்தனை வீதம்?' என்று கேட்பார்கள். 'இடைவெளி வெளியீடு' என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், இரண்டு வெளி வந்து இடிக்கிறது.

நல்லூர் அக்கா எழுதியது:

தன்வினை, பிறவினைப் பிரிப்பு நன்றாக இருக்கிறது. பொதுச்சொல்லுக்குத் 'தளவாரி வெளியீடு' எப்படி? மாவட்டவாரி, தொகுதிவாரி என்று பத்திரிகையில் தினமும் வருகிறது. கேட்டவுடன் விளங்கும்.

பந்தியை நான் கைவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம்.

மதுரை நண்பர் எழுதியது:

தளவாரி எனக்குச் சரி. ஒரே நாளில் எல்லாத் தளத்திலும் வருவதற்கு என்ன சொல்வீர்கள்? 'ஒருநாள் வெளியீடு' என்றால் ஒரே ஒரு நாள் மட்டும் விற்பனை என்று ஆகிவிடும். 'உடன் வெளியீடு' என்றால் உடனடி. 'ஒருசேர வெளியீடு' போடலாம்.

தெல்லிப்பழைப் பண்டிதர் ஐயா எழுதியது:

'வாரி' உருது வழியாக வந்த ஒட்டு. வடசொல்லைத் தள்ளிவிட்டுப் பாரசீகத்தை நடுவீட்டில் இருத்துகிறீர்கள். பந்தியாவது பலநூறாண்டு நம்மோடு சாப்பிட்ட சொல்.

ரொறன்ரோத் தம்பி எழுதியது:

ஐயா பந்திக்குக் கட்சி மாறிவிட்டார் போலிருக்கிறது!

தளவாரி என்றதும் எனக்குத் தளபாடக் கடைதான் நினைவுக்கு வருகிறது. மதுரை அண்ணாவுக்குச் சொல்கிறேன், தளபாடம் என்றால் எங்களுக்கு மேசை, கதிரை.

கொக்குவில் விரிவுரையாளர் எழுதியது:

அச்சகத்தார் இரண்டு தடவை அழைத்துவிட்டார்கள். கைந்நூலில் போவது: பொதுச்சொல் 'தளவாரி வெளியீடு'. அதன் வகைகள் 'பிந்திய வெளியீடு', 'பின்தள்ளிய வெளியீடு'. எதிர்ச்சொல் 'ஒருசேர வெளியீடு'. ஒரு தளத்துக்கென எழுதியதை இன்னொரு தளத்துக்கு மாற்றுவது 'தளப்பெயர்ப்பு', மொழிபெயர்ப்பு மாதிரி. இதை யாரும் எதிர்க்கவில்லை, ஒருவேளை களைத்துப்போய்த்தான். குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தளத்துக்கு மட்டும் என்பதற்கு இன்னும் நல்ல சொல் இல்லை. 'பிரத்தியேக' என்று போட்டால் பிள்ளைகளுக்கு ரியூசன் வகுப்புத்தான் நினைவுக்கு வரும், 'தனியுரிமை' வேறிடத்தில் வேலையாக இருக்கிறது. இப்போதைக்கு 'ஒருதளக் காலக்கெடு' என்று வைத்திருக்கிறேன். பிடிக்காதவர்கள் இரண்டாம் பதிப்புக்குள் சொல்லுங்கள்.

தெல்லிப்பழைப் பண்டிதர் ஐயா எழுதியது:

பெரும்பான்மைக்கு இணங்குகிறேன். உடன்படவில்லை. அடிக்குறிப்பில் 'விட்டிசை வெளியீடு எனவும் வழங்கலாம்' என்று ஒரு வரி சேர்த்தால் மகிழ்வேன். 'பின்தள்ளிய' என்பதில் யார் தள்ளினார் என்ற எழுவாய் இல்லை, அதையும் கவனிக்கவும்.

ரொறன்ரோத் தம்பி எழுதியது:

சேர், அச்சுக்குப் போய்விட்டதா? பால்டர்ஸ் கேற் 3ஐ முழுதாக முடிக்க முதலே, 2020 ஒக்டோபரில் இருந்து காசு வாங்கிக் கணினியில் விளையாட விட்டார்கள். 'ஏர்லி அக்சஸ்' என்பார்கள். அப்படியென்றால் அதன் முதல் வெளியீட்டு நாள் எது, 2020ஆ, 2023ஆ? அந்த நிலைக்கு என்ன சொல்?

கொக்குவில் விரிவுரையாளர் எழுதியது:

போய்விட்டது. புதிய இழை தொடங்கவும்.