அக்காவின் ஹார்ட் டிஸ்க் சாகக் கிடக்கிறது, ஆய்வேடு உள்ளே இருக்கிறது: என்ன செய்யலாம்?

தூங்காத தம்பி:

வணக்கம். அக்காவின் மடிக்கணினியில் 1 டிபி ஹார்ட் டிஸ்க். சுழலும் வகைதான், எஸ்எஸ்டி இல்லை. நான்கு நாளாக விண்டோஸ் ஏறவே இருபது நிமிடம் ஆகிறது. ஏறிய பிறகும் ஒரு ஃபோல்டரைத் திறந்தால் நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உள்ளே அவளுடைய முனைவர் பட்ட ஆய்வேடு, ஐந்து இயல்கள். பிள்ளைகள் இருவரும் பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்கள். வேறெங்கும் நகல் இல்லை. (ஏன் இல்லை என்று தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள், வீட்டில் எல்லாரும் கேட்டு முடித்துவிட்டார்கள்.) சமர்ப்பிக்க இன்னும் மூன்று வாரம்தான்.

நேற்று இரவு செக்டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவி) ஓட்டினேன். 11 சதவீதத்தில் இரண்டு மணி நேரம் நின்றதால் பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டேன். டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் மஞ்சள் காட்டுகிறது. 05 வரிசையில் 1ஏ0, சி5 வரிசையில் 8ஏ8. இது அதிகமா குறைவா என்றே புரியவில்லை.

பைட் பொறுக்கி:

அணைத்தது நல்லது. இனி அதிலிருந்து விண்டோஸைக் கிளப்பவே கிளப்பாதீர்கள்.

அந்த எண்கள் பதினாறடிமானத்தில் (பத்துக்குப் பதில் பதினாறு பதினாறாக எண்ணும் முறை) இருக்கின்றன. 1ஏ0 என்றால் 416, 8ஏ8 என்றால் 2,216. 05 என்பது ஏற்கெனவே கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கில் தரவு எழுதும் சின்னச் சின்னக் கட்டங்கள். சி5 என்பது படிக்க முடியாமல் முடிவு தெரியாமல் நிற்பவை. இரண்டாவதுதான் கவலை. அதுவும் டிஸ்க் இதுவரை தொட்டுப் பார்த்த இடங்களின் கணக்குதான். தொடாத இடத்தில் என்ன இருக்கிறதென்று அதற்கே தெரியாது.

செக்டிஸ்க் கோப்பு முறையைச் சீர்செய்யும் கருவி, தரவை மீட்பது அதன் வேலை இல்லை. படிக்க முடியாத பதிவுகளைக் கண்டால் அவற்றை வெட்டிவிட்டு, மிச்சத்தை ஒழுங்காக்கி, சாகிற டிஸ்க்கின் மேலேயே எழுதும். சாகிற டிஸ்க்கில் எதையும் எழுதக் கூடாது.

ஒன்று சொல்லுங்கள்: சத்தம் எப்படி? சீரான இடைவெளியில் டக்... டக்... டக் என்று அடிக்கிறதா?

தூங்காத தம்பி:

அப்படி இல்லை அண்ணா. காதை வைத்துக் கேட்டேன். சுழலும் ஓசை சீராக இருக்கிறது. நடுவில் மட்டும் சின்னதாக ‘கிர்ர்ர்’ என்று ஒரு இழுப்பு, கொஞ்சம் அமைதி, மறுபடி இழுப்பு. பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) டிஸ்க்கின் பெயரும் அளவும் சரியாகத் தெரிகின்றன.

மழைக்குருவி:

பிளாஸ்டிக் பையில் போட்டு ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வையுங்கள். என் நண்பனுக்கு வேலை செய்தது.

பைட் பொறுக்கி:

குருவி, அது பழைய டிஸ்க்குகளில் எப்போதோ யாருக்கோ வாய்த்தது. குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்தால் ஈரம் படியும். ஓடும்போது, தரவைப் படிக்கும் தலை சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது, ஒரு முடியின் தடிமனோ பல்லாயிரம் நானோமீட்டர். அந்த இடுக்கில் ஒரு துளி நீர் என்ன செய்யும் என்று நீங்களே யோசியுங்கள். மூடியைத் திறந்து பார்க்கச் சொல்பவர்களுக்கும் இதே பதில்தான்.

தம்பி, டக் டக் சத்தம் இல்லை, பயாஸுக்குத் தெரிகிறது. இரண்டும் நல்ல சேதி. டக் டக் கேட்டிருந்தால் தலை தன் தடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முட்டுகிறதென்று பொருள். அப்போது மென்பொருளால் ஆவது எதுவுமில்லை, தூசியில்லாத அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். வேலை நடக்கும்போது அந்தச் சத்தம் தொடங்கினாலும் உடனே அணைத்துவிடுங்கள்.

இனி வேலை. ஃபோல்டர் ஃபோல்டராகக் காப்பி செய்ய வேண்டாம். ஒரு கெட்ட செக்டரில் மாட்டினால் டிஸ்க் உள்ளுக்குள்ளேயே பல வினாடி முட்டி முட்டிப் படிக்கும், விண்டோஸும் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்குள் இருக்கிற கொஞ்ச உயிரும் போய்விடும். முழு டிஸ்க்கையும் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை ஒரே இமேஜாக, அதாவது அச்சு அசலான ஒரே நகல் கோப்பாக, எடுங்கள். தேடுவது, திறப்பது எல்லாம் அந்த இமேஜில் நடக்கட்டும்.

வேறொரு கணினியில் சிஸ்டம்ரெஸ்க்யூவை (பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) ஒரு பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து மடிக்கணினியைக் கிளப்புங்கள். பழைய டிஸ்க் உள்ளேயே இருக்கட்டும். கழற்றி, யுஎஸ்பியில் செருகும் வெளிப் பெட்டிக்கு மாற்றினால் பிழை வரும்போதெல்லாம் இணைப்பு அறுந்து தொல்லை கொடுக்கும். புதிய வெளி டிஸ்க் 2 டிபி வாங்குங்கள். 1 டிபியின் முழு இமேஜ் இன்னொரு 1 டிபியில் கோப்பாக அடங்காது.

இமேஜ் எடுக்கும் கருவி டிடிரெஸ்க்யூ, சிஸ்டம்ரெஸ்க்யூவிலேயே இருக்கிறது. அது முதலில் எளிதாகப் படிக்க முடிந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு, கெட்ட இடத்தைத் தாண்டிக் குதித்து முன்னே போகும். கடைசியில்தான் திரும்பி வந்து பொறுக்கும். முதல் ஓட்டத்துக்கு ‘என்’ (-n) தெரிவைக் கொடுத்தால் பொறுக்கும் வேலையைத் தள்ளிவைக்கும். மூன்று பெயர் கேட்கும்: முதலில் மூலம், அப்புறம் இமேஜ், கடைசியில் எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பு. மூலத்தையும் சேருமிடத்தையும் மாற்றிக் கொடுத்தால் கதை முடிந்தது. டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளையைப் போட்டு அளவைப் பார்த்து, இன்னொருவரைப் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்லி, அப்புறம் என்டர் தட்டுங்கள். ‘ஃபோர்ஸ்’ வேண்டும் என்று அது சொன்னால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது, நிறுத்திப் பாருங்கள். மேப் கோப்பு இருந்தால் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

தூங்காத தம்பி:

4 ஜிபியில் நின்றுவிட்டது! கோப்பு மிகப் பெரியது என்கிறது.

பைட் பொறுக்கி:

புதிய டிஸ்க்கின் கோப்பு முறை ஃபேட்32-ஆக இருக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. புதியதை மட்டும், மறுபடி சொல்கிறேன், புதியதை மட்டும் ஈஎக்ஸ்டி4-ஆக (லினக்ஸின் கோப்பு முறை) ஃபார்மட் செய்து முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

கறுப்புத்திரை:

இடையில் ஒரு வார்த்தை. அக்காவின் விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கையே பூட்டிவைக்கும் வசதி) போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் இமேஜும் பூட்டியே வரும், 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கலாம்.

தூங்காத தம்பி:

பிட்லாக்கர் இல்லை, தப்பித்தோம்.

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். முதல் ஓட்டம் ஐந்து மணி நேரத்தில் 99.2 சதவீதம். அப்புறம் பொறுக்கும் ஓட்டத்துக்கு 31 மணி நேரம். திரையில் மீந்த நேரம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். அக்கா பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, “இப்போ எவ்வளவுடா?” என்று மணிக்கொரு தரம் கேட்டாள். முடிவில் 99.98 சதவீதம், கைக்கு வராதது 212 எம்பி.

இமேஜை 7-ஜிப்பில் திறந்தேன், ஃபோல்டர்கள் எல்லாம் பெயரோடு இருக்கின்றன! ஆனால் அந்த 212 எம்பி எந்தக் கோப்புகளில் விழுந்தது?

பைட் பொறுக்கி:

அதற்கு ஒரு வழி உண்டு. இமேஜுக்கு இன்னொரு நகல் எடுத்துக்கொண்டு, டிடிரெஸ்க்யூவின் ஃபில் மோடில் (நிரப்பும் முறை) கெட்ட இடங்களை மட்டும் வேறெங்கும் வராத ஒரு சொல்லால் நிரப்புங்கள். அப்புறம் அந்த நகலைப் படிக்க மட்டும் மவுண்ட் செய்து (டிஸ்க் போல இணைத்து), அந்தச் சொல் எந்தெந்தக் கோப்பில் வருகிறதென்று கிரெப் (grep) என்ற தேடல் கட்டளையில் தேடுங்கள். அடிபட்டவை தாமாகக் கையைத் தூக்கும்.

தூங்காத தம்பி:

41 கோப்புகள். 33 விண்டோஸுடையவை, போனால் போகட்டும். ஏழு படங்கள்: ஒன்றில் சின்னவள் மெழுகுவர்த்தி ஊதுகிறாள், கன்னம் வரை இருக்கிறது, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். நாற்பத்தொன்றாவது கோப்புதான் ஆய்வேட்டின் மூன்றாம் இயல். வேர்டில் திறக்கவே மாட்டேன் என்கிறது.

கறுப்புத்திரை:

வேர்டின் டாக்ஸ் (.docx) கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். நகல் எடுத்து, பெயரின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றிப் பிரியுங்கள். பிழை காட்டினாலும் விடாமல் பிரியுங்கள். வேர்ட் என்ற ஃபோல்டருக்குள் டாக்குமென்ட் என்ற எக்ஸ்எம்எல் கோப்பு முழுசாக வந்தால் எழுத்து பிழைத்தது. பெரும்பாலும் அடிபடுவது படங்கள்தான், இடம் அதிகம் பிடிப்பவை அவையே.

தூங்காத தம்பி:

வந்துவிட்டது! அடிக்குறிப்புகளும் இருக்கின்றன. இரண்டு வரைபடங்கள்தான் போயின, அவற்றை மறுபடி வரைந்துகொள்கிறாளாம். உங்கள் இருவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

அக்கா ஒன்று கேட்கச் சொன்னாள்: அந்தப் பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்து சினிமா மட்டும் போட்டு வைத்துக்கொள்ளலாமா?

பைட் பொறுக்கி:

கூடாது. ஆய்வேட்டின் இரண்டாவது நகல் எங்கே இருக்கிறது என்று அக்காவிடம் கேளுங்கள்.

தூங்காத தம்பி:

...இப்போதுதான் எடுக்கிறாள்.