கடலில் ஸ்டியரிங் கைவிட்டால்: நம்ம கரைக்காரங்க பகிர்வு

உவரி, அவுட்போர்டு (படகுக்குப் பின்னால மாட்டுற இன்ஜின்) மெக்கானிக்

கேபிள் ஸ்டியரிங் திடீர்னு சாகாது. ரெண்டு மூணு வாரத்துக்கு முந்தியே காலையில முதல் திருப்பல்ல வீல் கனக்கும், கொஞ்சம் ஓடின பிறகு லேசாகும். இன்ஜினைத் தூக்கி இறக்குற அச்சுக் குழாய் வழியாத்தான் கேபிளோட இரும்புத் தண்டு போகுது. அதுக்குள்ள உப்புத்தண்ணி புகுந்து, பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகி, தண்டு துருப்பிடிக்கும். அந்த நேரத்துல பலத்தைக் காட்டித் திருப்பினா கேபிள் உள்ளயே அறும், இல்லன்னா வீலுக்குப் பின்னால உள்ள பல்லு உடையும்.

கிரீஸ் அடிக்கிறதுலயும் ஒரு தப்பு நடக்குது. தண்டு வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும்போது நிப்பிள்ல (கிரீஸ் அடிக்கிற வாய்) அடிச்சா, கிரீஸ் உள்ள அடைச்சுக்கிட்டு தண்டு திரும்ப உள்ள போகாம மாட்டும். முதல்ல வீலைத் திருப்பி தண்டை முழுசா குழாய்க்குள்ள இழுத்துக்கிடணும். பிறகுதான் கிரீஸ். அதுவும் கடல்தண்ணிக்குன்னே உள்ள கிரீஸ்தான், லாரிக்கு அடிக்கிறது வேண்டாம்.

தண்டையும் இன்ஜினையும் சேர்க்குற இணைப்புக் கம்பியில நைலான் வளையம் உள்ள லாக் நட்டு வரும். அது காணாமப்போனா சாதா நட்டைப் போட்டுச் சமாளிக்காதீங்க. அதிர்வுல கழன்று விழுந்தா வீல் சும்மா சுத்தும், இன்ஜின் தன் இஷ்டத்துக்குத் திரும்பும்.

கூத்தங்குழி, வள்ளம்

அண்ணாச்சி சொன்னது வீல் வச்ச படகுக்கு. நம்ம வள்ளங்கள்ல கைப்பிடிதானே. இங்க மூணு இடத்தைப் பாத்துக்கிடுங்க: இன்ஜின் திரும்புற நடு அச்சு, கைப்பிடியைப் பிடிச்சிருக்கிற போல்ட்டு, பின்பலகையில இறுக்குற ரெண்டு திருகு. திருகு தளர்ந்தா இன்ஜினே கடலுக்குப் போகும். அதனால இன்ஜினை படகோட சேர்த்து ஒரு கயிறு எப்பவும் கட்டியிருக்கணும்.

ஓடிக்கிட்டு இருக்கும்போது கைப்பிடி கழன்றா, இன்ஜின் விசிறி (புரொப்பல்லர்) சுத்துற வேகம் இன்ஜினை ஒரு பக்கமா இழுக்கும். படகு அதே இடத்துல வட்டமடிக்கும், ஆளைத் தூக்கி வெளிய எறியும், எறிஞ்ச ஆளு மேலயே திரும்பி வரும். இதை நினைச்சாலே நெஞ்சு பதறுது. இழுபட்டா இன்ஜினை நிறுத்துற கில் சுவிட்ச் கயிறை மணிக்கட்டுல மாட்டாம யாரும் ஓட்டக்கூடாது. ஆக்சிலேட்டரும் கைப்பிடியிலதான் இருக்குங்கிறதால, அது போச்சுன்னா நிறுத்த மிச்சம் இருக்கிறது அந்தக் கயிறு ஒண்ணுதான்.

இடிந்தகரை, விசைப்படகு

கடல்ல ஆயிட்டா வரிசை இது. வேகத்தைக் குறைச்சு நியூட்ரல். எல்லாரையும் உட்காரச் சொல்லுங்க. அடுத்து காற்றைப் பாருங்க. கச்சான் (தென்மேற்குக் காத்து) வீசினா படகு கரையை ஒட்டி வடகிழக்கா, பெரியதாழை, மணப்பாடு பக்கம் ஒதுங்கும். வாடையில (வடக்குக் காத்து) கரையை விட்டு தெக்கே ஆழத்துக்குப் போயிடும். இதுதான் மோசம், தாமதிக்காம நங்கூரத்தை இறக்கணும். ஆழத்தைப் போல அஞ்சுல இருந்து ஏழு மடங்கு கயிறு விடணும். கட்டுறது அணியத்துலதான் (படகோட முன்பக்கம்). பின்பக்கம் கட்டினா அலை பின்பலகை மேல ஏறி இன்ஜினையும் படகையும் முக்கும். நங்கூரம் எட்டாத ஆழம்னா, வலையில கொஞ்சத்தைச் சுருட்டி நீளக் கயிறுல அணியத்துல இருந்து விட்டாலும் படகு அலையை நேரா பாத்து நிக்கும்.

இன்ஜின் ஓடுது, திருப்பத்தான் முடியலன்னா: இன்ஜினை நேரா வச்சு ரெண்டு பக்கமும் கயிறால கட்டுங்க. ரெண்டு வாளியை கைப்பிடியில கயிறு போட்டு பின்னால ரெண்டு மூலையில இருந்து விடுங்க. எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்க வாளியைத் தண்ணியில விட்டு, மத்ததைத் தூக்குங்க. நடக்கிற வேகத்துக்கு மேல போனா வாளிக் கைப்பிடி பிய்ஞ்சிடும்.

பெரியதாழை

துடுப்பு போதாதா? பின்னால சாய்ச்சுப் பிடிச்சா சுக்கான் மாதிரி வேலை செய்யும்லா. இன்னொண்ணு: எண்ணெய் அழுத்தத்துல திரும்புற ஹைட்ராலிக் ஸ்டியரிங்ல வீல் பஞ்சு மாதிரி அமுங்குதுன்னா என்ன பண்ண?

உவரி, அவுட்போர்டு மெக்கானிக்

சின்ன வள்ளத்துக்குத் துடுப்பு போதும். பெரிய பைபர் படகுக்கு, அதுவும் அலையில, கை தாங்காது.

பஞ்சு மாதிரின்னா உள்ள காத்து புகுந்திருக்கு, எண்ணெய் குறைஞ்சிருக்கு. வீல் பக்கத்து மூடியைத் திறந்து ஸ்டியரிங் எண்ணெய் ஊத்தி, இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் மெதுவா பலதடவை திருப்புங்க. பிரேக் ஆயில் ஊத்தவே கூடாது, சீல் ஊதிக் கெட்டுப்போகும். சிலிண்டர் தண்டு ஓரத்துல எண்ணெய் கசிஞ்சா கரைக்கு வந்ததும் சீல் மாத்தணும். முழுசா இறுகிட்டா இணைப்பு போல்ட்டைக் கழத்தி இன்ஜினை விடுவிக்கலாம். ஆனா ரெண்டு பக்கமும் கயிறு கட்டாம ஸ்டார்ட் பண்ணாதீங்க.

கூட்டப்புளி

ஒண்ணை விட்டுட்டீங்க, கரையேறுறது. நம்ம கரையில அலை உடையுற இடத்தை ஒட்டுவேலை ஸ்டியரிங்கோட தாண்டவே கூடாது. குறுக்க திரும்பினா அடுத்த அலையில கவிழும். அலைக்கு வெளிய நங்கூரம் போட்டு நின்னு இன்னொரு வள்ளத்தைக் கூப்பிடுங்க. வி.எச்.எப். ரேடியோ சேனல் 16, கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும உதவி எண் 1093.

இழுக்கும்போது கயிறு அணியத்துல. ரெண்டு படகும் ஒரே நேரத்துல அலை ஏறி இறங்குற அளவுக்குக் கயிறு நீளம் விடணும். பழுதான படகோட இன்ஜினை ஆழம் இருக்கிற வரை தண்ணிக்குள்ளயே நேரா விட்டு வச்சா ஆடாம பின்னால வரும். தூக்கிட்டா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலையும்.