மறு: 'ஜிஸ்' – சாயலா, ஜாடையா, தோரணையா?

அன்பு நண்பர்களுக்கு,

மூன்று நாட்களாக இழை நீண்டுகொண்டே போகிறது. எல்லா மடல்களையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பறவை பார்க்கும் நடைக்கு வரும் பிள்ளைகளின் குறிப்புத்தாளில் ஒரு கட்டத்துக்குத் தலைப்பாக 'ஜிஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் வேண்டும் என்று கேட்டு இந்த வம்பைத் தொடங்கியவன் நான். என் முடிவையும் நானே சொல்லிவிடுகிறேன்.

இடையில் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. எதிர்வெயிலில் ஒரு பறவை வெறும் கருநிழலாகத் தெரிகிறது. நிறம் தெரியாது, அலகும் பிடிபடாது. ஆனாலும் பழகியவர் "உழவாரன்" என்று சொல்லிவிட்டு நடையைத் தொடர்கிறார். எப்படி என்று கேட்டால் சற்றுத் தடுமாறுவார். நிற்கும் விதம், அசையும் விதம் என்று மொத்தமாக மனத்தில் பதியும் அந்த 'எப்படி'க்குத்தான் ஆங்கிலத்தில் ஜிஸ் என்று பெயர். டி. ஏ. கோவர்ட் என்ற இங்கிலாந்து இயற்கையியலாளர் 1921-இல் இதைப் பற்றி எழுதினார். அயர்லாந்தின் மேற்குக் கடற்கரைக்காரர் ஒருவர் அங்குள்ள உயிரினங்களைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்வாராம். எப்படித் தெரியும் என்றால், அதன் ஜிஸ்ஸை வைத்துத்தான் என்பாராம்.

> இது உலகப்போரில் விமானங்களை அடையாளம் காண உருவாக்கிய சுருக்கப் பெயர் (General Impression of Size and Shape). 'பருமன், வடிவம் பற்றிய பொது மனப்பதிவு' என்று விரித்து மொழிபெயர்க்கலாமே?

கதை நன்றாகத்தான் இருக்கிறது, காலம்தான் இடிக்கிறது. இரண்டாம் உலகப்போர் தொடங்கியது 1939-இல். அதற்குப் பதினெட்டு ஆண்டு முன்பே இந்தச் சொல் அச்சேறிவிட்டது. ஆகவே அந்த விரிவைத் தமிழில் கொண்டுவரும் கடமை நமக்கு இல்லை. பத்து வயதுப் பிள்ளை அதைச் சொல்லி முடிப்பதற்குள் பறவை அடுத்த மரத்துக்குப் போயிருக்கும். 'ஜிஸ்' என்றே வைத்துக்கொள்வதிலும் எனக்கு விருப்பமில்லை. ஆங்கிலக் கொச்சையில் அதற்கு இன்னொரு பொருள் உண்டு. மேல்வகுப்புப் பிள்ளைகள் முன்னால் ஒருமுறை சொல்லிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சங்கடம் புரியும்.

> சாயல் போதாதா? சங்க காலத்திலிருந்தே மயிலோடு ஒட்டி வரும் சொல்.

முதலில் நானும் இதற்குத்தான் கை தூக்கினேன். தொல்காப்பிய உரியியல் 'சாயல் மென்மை' என்கிறது. மயிலின் சாயல் பெண்ணின் சாயலாகப் பாட்டில் வருகிறது. கேட்கவே இனிக்கிறது. ஆனால் இன்று பறவைக் குறிப்பு எழுதும்போது இந்தச் சொல்லை எதற்குப் பயன்படுத்துகிறோம்? 'முதுகில் பச்சைச் சாயல்', 'மார்பில் பழுப்புச் சாயல்'. நிறத்தை மறந்துவிட்டுப் பார் என்று சொல்வதற்காக வைக்கும் கட்டத்தில், நிறத்தைச் சுட்டும் சொல்லையே தலைப்பாகப் போட்டால் பிள்ளைகள் நிறத்தைத்தான் எழுதுவார்கள். போன நடையில் எழுதவும் செய்தார்கள். பாதித் தாள்களில் அந்தக் கட்டத்தில் 'பழுப்பு' என்று இருந்தது.

ஜாடை இதைவிட நெருங்கி வருகிறது. 'அப்பா ஜாடை' என்று நாம் தினமும் சொல்வதுதான். ஆனால் ஜாடைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் நினைவுக்கு வருவதுதான் ஜாடை. உள்ளான் என்ற நீர்க்கரைப் பறவையைப் பார்த்து உள்ளான் என்று அறிவதை அப்படிச் சொல்ல முடியாது.

சரி, தோரணை. 'அவன் வருகிற தோரணையைப் பார்த்தாலே தெரிகிறதே' என்று ஆளைச் சொல்கிறோம் இல்லையா, அதே தோரணைதான். முகம் தெரிவதற்கு முன்பே ஆள் தெரிந்துவிடுகிறான். 'நடை உடை பாவனை' என்று ஒரு நண்பர் எழுதியிருந்ததும் இதே எண்ணம்தான்; சொல்லப்போனால் பொருளில் அதுதான் மிகச் சரி. தலைப்பாக வைக்க நீளமாக இருக்கிறது, அவ்வளவே.

என்னை முடிவு எடுக்க வைத்தது வேறொன்று. நடை முடிந்ததும் பிள்ளைகளிடம், பெயர் சொல்லாமல் ஒரு பறவையாக நில்லுங்கள், நடந்து காட்டுங்கள் என்றேன். ஒரு பையன் குனிந்து பின்பக்கத்தை மட்டும் விடாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே நடந்தான், நாலைந்து குரல்கள் ஒன்றாக "உள்ளான்!" என்றன. ஒரு சிறுமி கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு அசையாமல் குந்தினாள், பிறகு திடீரென்று இரண்டு கையையும் விரித்தாள். மடையான். குந்தியிருக்கும்போது சேற்றோடு சேறாக இருந்துவிட்டுப் பறக்கும்போது வெள்ளை இறக்கையைக் காட்டும் அதே மடையான்! தோரணையை நடித்துக் காட்ட முடிகிறது. சாயலை நடிக்கச் சொன்னால் என்ன செய்வார்கள்?

> தோரணை என்றால் திமிர் என்று ஒரு வாடை இருக்கிறதே.

இருக்கிறது, மறுக்கவில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் குண்டுகரிச்சானைப் பார்த்துவிட்டு அந்த வாடை பொருந்தவில்லை என்று சொல்லுங்கள், நான் விட்டுவிடுகிறேன்.

தோரணை என்றால் பருமன் அதில் அடங்காது என்று சொன்ன குறைதான் கனமானது. ஆனால் ஒப்பிட அருகில் இன்னொரு பறவை இல்லாதபோது பருமன் பெரிய ஏமாற்றுக்காரன். அதற்குத் தனிக் கட்டம் இருக்கட்டும்: சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா. இந்த மூன்று படி போதும்.

ஜாடையையும் தூக்கிப் போட வேண்டாம். அக்காக்குயில் இருக்கிறதே, உருவத்திலும் பறக்கும் விதத்திலும் வைரி என்ற வேட்டைப் பறவையைப் போலவே இருக்கும். சின்னப் பறவைகள் அதைக் கண்டு வைரி என்றே பதறுவதுண்டு. 'அக்காக்குயிலுக்கு வைரி ஜாடை' என்று எழுதலாம். ஓர் இனத்துக்கே உரியது தோரணை, இன்னோர் இனத்தை நினைவூட்டுவது ஜாடை. இரண்டும் இரண்டு கட்டமாகவே இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மற்ற சொற்களோடு சேர்ப்பதிலும் சிக்கல் இல்லை: பறக்கும் தோரணை, அமரும் தோரணை, தோரணையறிதல். கடைசியது கொஞ்சம் கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக இருக்கிறது. பேச்சில் 'தோரணை பிடிபட்டதா?' என்று கேட்டால் போதும்.

தாளில் தோரணைக் கட்டத்துக்குக் கீழே இந்தக் கேள்விகளைப் போட்டிருக்கிறேன்: எப்படி நிற்கிறது? எதை ஆட்டுகிறது? கிளம்பிய இடத்துக்கே திரும்புகிறதா? கம்பியில் உட்காருகிறதா? நான்காவது உழவாரனுக்காக. அது கம்பியில் உட்காராது, கால்கள் அதற்கு ஏற்றவை அல்ல. வரிசையாகக் கம்பியில் இருந்தால், பறக்கும்போது அதைப் போலவே தெரியும் தகைவிலானாக இருக்கலாம். மூன்றாவது, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும் பஞ்சுருட்டானுக்கு. ஐந்தாவது கேள்வி யாருக்காவது தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்று மாலை அச்சுக்குக் கொடுக்கிறேன்.

பி.கு.: வாழ்நாளில் முதன்முதலாகப் பார்க்கும் இனத்தை 'லைஃபர்' என்கிறார்களே, அதற்குப் பிள்ளைகள் 'முதற்காட்சி' என்று தாங்களாகவே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு இழை வேண்டாம் என்று நினைக்கிறேன்.