நீர்மூழ்கிக் கப்பலுக்குள் ஆவணப்படம்: எதை ஏற்றலாம், எது வெளியே வரும்?

அலைவரிசை:
டீசல்-மின்சார நீர்மூழ்கி ஒன்றில் பத்து நாள் படப்பிடிப்புக்கு அனுமதி வந்திருக்கிறது. குழுவில் மூன்றே பேர். மேல்தளப் போர்க்கப்பலில் படமெடுத்த பழக்கம் உண்டு, மூழ்கும் கப்பல் புதிது. எந்தெந்தப் பொருளைத் திருப்பி அனுப்புவார்கள்? விளக்கு வைக்க முடியுமா? எடுத்ததில் எவ்வளவு தணிக்கையில் போகும்?

மின்கலம்:
முதலில் காற்றைப் பற்றி யோசியுங்கள். மூழ்கியபின் உள்ளே அடைபட்ட காற்றைத்தான் எல்லோரும் சுவாசிக்கிறார்கள். லென்ஸ் துடைக்கும் ஆல்கஹால், ஸ்ப்ரே பசை, தூசி ஊதும் கேன் எதுவும் வேண்டாம். கேனில் பெரும்பாலும் ஃப்ளோரின் கலந்த வாயு இருக்கும்; கார்பன் மோனாக்சைடை எரித்து நீக்கும் கருவி உள்ள கப்பலில் அது சிதைந்து அமிலமாகும். ரப்பர் ஊதியும் உலர்ந்த துணியும் போதும்.

லித்தியம் பேட்டரி ஒவ்வொன்றுக்கும் வாட்-மணி அளவோடு பட்டியல் கொடுங்கள். உப்பியது, அடிபட்டது ஒன்றுகூட ஏறக்கூடாது. ஆள் பார்வையில் மட்டுமே சார்ஜ் செய்யுங்கள். புகை வந்தால் திறந்துவிட ஜன்னல் கிடையாது. கப்பலின் ஈய-அமில பேட்டரிகள் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் கிளம்பும். காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பற்றும் என்பதால் அந்த நேரத்தில் கேட்காமல் எதையும் பிளக்கில் செருகாதீர்கள்.

இன்னொன்று: கப்பல் மின்சுற்று பெரும்பாலும் எர்த் இணைக்காதது. சார்ஜருக்குள் இருக்கும் ஃபில்டர் வழியாகச் சிறு கசிவு போனாலும் அங்கே எச்சரிக்கை எழலாம். சார்ஜர்களை முன்னதாகவே மின்பிரிவிடம் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.

சிவப்புவிளக்கு:
நுழைவாயில் முக்கால் மீட்டர் அகலம் இருந்தாலே அதிகம். பெட்டி வேண்டாம், கயிறு கட்டி இறக்கும்படி மென்பைகள். முழுச்சட்டகக் கேமராவில் 16 முதல் 24 மி.மீ. லென்ஸ்தான் அதிகம் உழைக்கும். கிளாம்ப் மாட்டத் தோதாகத் தலைக்கு மேல் குழாய்கள் தெரியும், தொடாதீர்கள்.

இரவில் கட்டுப்பாட்டு அறையை இருட்டாகவோ சிவப்பாகவோ வைப்பது பெரிஸ்கோப் பார்ப்பவரின் கண்ணுக்காக. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரைமணி நேரம் ஆகும், உங்கள் எல்இடி ஒரு நொடியில் அதைக் கெடுத்துவிடும். கேமராத் திரையையும் பதிவு விளக்கையும் மறையுங்கள். சிவப்பொளியில் சென்சாரின் நான்கில் ஒரு பிக்சல்தான் வேலை செய்கிறது. மொத்த வெளிச்ச அளவு குறைவாகக் காட்டும்போதே படத்தின் சிவப்பு நிறப் பதிவு அளவு மீறி, விவரமில்லாமல் எரிந்துபோயிருக்கும், எனவே மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் அளவியைப் பாருங்கள்.

அடித்தளஓசை:
ஒலியில்தான் அதிகம் இழப்பீர்கள். வயர்லெஸ் மைக், புளூடூத், வைஃபை, ஜிபிஎஸ் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். ஒவ்வொருவர் உடம்பிலும் சிறு ரெக்கார்டர் மாட்டி, டைம்கோடை (படத்தையும் ஒலியையும் பின்னால் இணைக்க உதவும் நேரக்குறி) முன்பே கம்பிவழி பொருத்திவிடுங்கள். ஹெட்போனில் ஒரு காது எப்போதும் திறந்திருக்கட்டும், அறிவிப்பு காதில் விழவேண்டும். ஸ்நார்க்கலை (மூழ்கியபடியே எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் குழாய்) அலை மூடினால் வால்வு அடைபட்டு எஞ்சின் உள்காற்றை உறிஞ்சும். காது அடைக்கும், பயப்பட வேண்டாம்.

தணிக்கை என்றால் திரைகளையும் வரைபடத்தையும் மட்டும் நினைக்கிறோம். மூக்குக்கண்ணாடியில் தெரியும் பிரதிபலிப்பும் போகும். ஆழம், வேகம், திசை சொல்லும் கட்டளைக் குரலும் போகும். பம்பு, மோட்டாரின் ரீங்காரமே அந்தக் கப்பலின் அடையாளம். எதிரி சோனார் தேடுவது அதைத்தான். அறை ஓசைத் தடத்தை முழுதாக நிறுத்திவைத்தாலும் பேச்சு மிஞ்சும்படி வாய்க்கு அருகே தனித்தடத்தில் பதியுங்கள். முக்கியக் காட்சியைப் பின்புலம் கலங்கலாக, முகத்தை மட்டும் வைத்து மறுமுறை எடுத்துவிடுங்கள்.

யார் பார்ப்பார்கள், எத்தனை நாளில், நீக்கினால் ஷாட்டா முழு கார்டா என்பதெல்லாம் ஏறும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். கார்டுகளுக்கு எண்ணிட்டு, தினமும் கையெழுத்தோடு ஒப்படையுங்கள்.

அலைவரிசை:
தனித்தடம் பற்றி யோசிக்கவே இல்லை, நன்றி. அவசர நேரத்தில் நாங்கள் என்ன செய்யவேண்டும்?

மின்கலம்:
கேமராவைக் கீழே வைத்துவிட்டு, சொன்ன இடத்தில் உட்காருங்கள். முதல் நாளே சுவாச முகமூடியைக் கண்ணைக் கட்டிக்கொண்டு மாட்டிப் பழகுங்கள். தாடி இருந்தால் முகமூடி ஒட்டாது. நீர்புகாக் கதவின் குறுக்கே கேபிள் ஒருபோதும் கிடக்கக்கூடாது, ஒரே ஒரு கம்பி போதும் கதவு மூடாமல் போக.