சொந்த ஓஎஸ்ஸுக்குச் சின்ன சி லைப்ரரி: நானே எழுதுவதா, நியூலிப்பா?

மொட்டைமாடி_கெர்னல்:
எக்ஸ்86-64-க்கு ஒரு பொழுதுபோக்குக் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) எழுதி வருகிறேன், யூசர் ஸ்பேஸ் (சாதாரண புரோகிராம்கள் ஓடும் இடம்) வரை வந்தாயிற்று. ஓப்பன், ரீட், ரைட், எக்ஸிட் என்று ஏழெட்டு சிஸ்டம் கால் (புரோகிராம் கெர்னலிடம் வேலை கேட்கும் வழி) இருக்கிறது. லினக்ஸின் பெரிய சி லைப்ரரியான ஜிலிப்சி பக்கம் போகும் எண்ணமே இல்லை. சின்ன சி லைப்ரரியான நியூலிப்பைக் கொண்டுவரலாமா, இல்லை நானே எழுதலாமா? அப்புறம், நான் எழுதிய மெம்செட் (நினைவகத்தை ஒரே மதிப்பால் நிரப்பும் ஃபங்ஷன்) ஆப்டிமைசேஷன் இல்லாத ஓ0-வில் ஒழுங்காக ஓடுகிறது, ஆப்டிமைசேஷனோடு ஓ2 போட்டால் உள்ளே போனது திரும்பி வரவே மாட்டேன் என்கிறது. நாலு வரி லூப்தான், அதில் என்ன தப்பு?

பழைய_கம்பைலர்:
தப்பு உங்களுடையது இல்லை. லூப்பைப் பார்த்ததும் ஜிசிசி கம்பைலர் "இது மெம்செட் வேலைதானே" என்று அந்த இடத்தில் மெம்செட்டையே அழைத்துவிடுகிறது, அதாவது உங்கள் ஃபங்ஷன் தன்னையே அழைத்துக்கொண்டிருக்கிறது. லூப்பை இப்படி மாற்றும் ஆப்டிமைசேஷனை அந்தக் கோப்புக்கு மட்டும் அணைத்துவிடுங்கள். ஃப்ரீஸ்டாண்டிங் (முழு சி லைப்ரரி இல்லாத சூழல்) என்று சொன்னாலும் மெம்காப்பி, மெம்மூவ், மெம்செட், மெம்கம்ப் நான்கும் இருக்கும் என்றே ஜிசிசி நம்பும், அதனால் எழுதுவதானால் அவற்றில் தொடங்குங்கள்.

ஸ்டப்_சாமி:
நியூலிப் என்றால் எஸ்பிரேக், எஃப்ஸ்டாட், ஐஸாட்டி என்று இருபதுக்குக் கிட்டத்தட்ட ஸ்டப் (லைப்ரரியை உங்கள் கெர்னலோடு இணைக்கும் சின்ன ஃபங்ஷன்) கொடுக்க வேண்டும், ஃபோர்க், லிங்க் மாதிரி உங்களிடம் இல்லாதவை பிழை எண்ணைத் திருப்பினால் போதும். நினைவகம் ஒதுக்கும் மாலக்கும் தசம எண் அச்சிடும் பிரிண்ட்எஃப்பும் சும்மா கிடைக்கும். அந்தத் தசமப் பகுதியைச் சரியாக எழுதுவது எவ்வளவு தலைவலி என்று எழுதிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்! இன்னொரு சி லைப்ரரியான மஸ்ல் படிக்க அழகான கோட், எம்ஐடி உரிமம், ஆல்பைன் லினக்ஸில் 2014 முதல் அதுதான். ஆனால் அடியில் லினக்ஸ் சிஸ்டம் கால்களை நம்பி எழுதியது, உங்கள் கெர்னல் அவற்றைப் போலவே நடந்துகொள்ளாவிட்டால் ஒட்டுப்போட்டே ஓய்ந்துவிடுவீர்கள்.

அடுக்குத்_தட்டு:
கற்றுக்கொள்ளத்தான் என்றால் நீங்களே எழுதுங்கள் என்பேன், ஸ்டப்_சாமி கோபித்துக்கொள்ள வேண்டாம். பிழை எண்ணை வைக்கும் எர்னோவை வெறும் குளோபலாக வைக்காமல், முகவரி தரும் ஃபங்ஷனை அழைக்கும் மேக்ரோவாக வையுங்கள். பின்னால் த்ரெட் வந்தால் பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளை மறுபடி லிங்க் செய்தால் போதும். எது எடுத்தாலும் சிஆர்டி0 (மெயினுக்கு முன் ஓடும் தொடக்கக் கோட்) உங்கள் தலையில்தான். மெயினை அழைக்கும் இடத்தில் ஸ்டாக் 16 பைட்டுக்குச் சீராக இல்லையென்றால் பிரிண்ட்எஃப்புக்குள் சீரான முகவரி கேட்கும் ஏதோ ஒரு மூவ்ஏபிஎஸ் இன்ஸ்ட்ரக்ஷனில் விழும், நீங்கள் பிரிண்ட்எஃப்பைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். எனக்கு இரண்டு இரவு போனது.

மொட்டைமாடி_கெர்னல்:
மெம்செட் சரியாகிவிட்டது, நன்றி. முதலில் நியூலிப், மெம் வகையறா மட்டும் என்னுடையது. ஸ்டாக்கைப் பார்த்தேன், 8 பைட் தள்ளித்தான் இருக்கிறது.