அழித்தும் திரும்பி வரும் நச்சுநிரல்

கேள்வி (ஜெலுத்தோங், பினாங்கு):
வணக்கம். மகளின் பள்ளி வேலையை அச்செடுக்க ஒரு கடையில் பென்டிரைவைச் செருகிய நாளிலிருந்து, வீட்டுக் கணினியில் அதைத் திறந்தால் கோப்புகளுக்குப் பதிலாக வளைந்த அம்புக்குறியிட்ட குறுக்குவழிகள் (ஷார்ட்கட்) மட்டுமே தெரிகின்றன. விண்டோஸுடனேயே வரும் பாதுகாப்பு நிரலான விண்டோஸ் டிஃபெண்டர் நச்சுநிரலை நீக்கியதாகச் சொன்னாலும், மறுநாள் அது திரும்பிவிடுகிறது. அவளுடைய கோப்புகள் போய்விட்டனவா?

மறுமொழி 1:
அக்கா, கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்காது. இவ்வகை நிரல் அவற்றை மறைத்துவிட்டு, அதே பெயரில் போலிக் குறுக்குவழியை வைக்கிறது. அதைச் சொடுக்கும்போதெல்லாம் மீண்டும் இயங்குகிறது. ஆகவே எதையும் சொடுக்காதீர்கள். டிஃபெண்டரைப் புதுப்பித்தபின் அதன் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். அது கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஏறக்குறைய 15 நிமிடம் தேடுவதால், இயங்கும்போது ஒளிந்துகொள்ளும் நிரலும் அகப்படும்.

மறுமொழி 2 (பிரிக்பீல்ட்ஸ்):
கணினி பழுதுபார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். திரும்பி வருவதற்குப் பல வேளைகளில் நிரல்களைக் குறித்த நேரத்தில் தானாக இயக்கும் டாஸ்க் ஷெடியூலரில் அந்த நச்சுநிரல் விட்டுச்சென்ற பதிவே காரணம். தாறுமாறான எழுத்துகளில் பெயருள்ள பணி ஏதேனும் செயலிகள் தங்கள் தரவை வைக்கும் ஆப்டேட்டா (AppData) கோப்புறையிலிருந்து இயங்கினால், அதன் பெயரை இங்கே எழுதிக் கேட்டபின் நீக்குங்கள். நல்ல செயலிகளும் அங்கே இருக்கும். பென்டிரைவையும் ஸ்கேன் செய்யாவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். வங்கிக் கடவுச்சொல்லை இன்றே வேறு கருவியிலிருந்து மாற்றிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறைக்கும் தெரிவை நீக்கியதும், மகளின் கோப்புறை மங்கலான நிறத்தில் அப்படியே தெரிந்தது. சந்தேகத்திற்குரிய பணியின் பெயரை இன்றிரவு எழுதுகிறேன்.