புதுப்பிப்பு: பலகை எழும்பிவிட்டது

ஜெட் படகுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தபடி ஃபாயில் (அடியில் தண்டும் இறக்கையும் பொருத்திய, வேகமெடுத்ததும் தண்ணீருக்கு மேலே எழும்பும் சறுக்குப் பலகை) பழகும்போது, பலகை எழும்பியதும் மல்லாக்கத் தள்ளுகிறதே, ஏன் என்று போன மாதம் கேட்டிருந்தேன். முன்காலில் எடை கொடு, வேகத்தைக் குறை என்று சொன்னீர்கள். இரண்டுமே சரி.

வேகம் இரட்டித்தால் இறக்கை தூக்கும் விசை நாலு மடங்காகும். நான் அலைச்சறுக்குப் பலகைக்கான வேகத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். ராமநாதபுரம் மாவட்டம் பிரப்பன்வலசையில் படகோட்டும் அண்ணன், "மெதுவாப் போறேன் தம்பி, நீ கயித்தை இழுக்காம நில்லு" என்றார். பலகை சடசடவென்று அடிக்கும் சத்தம் சட்டென நின்றது. காலுக்குக் கீழே மெல்லிய ரீங்காரம் மட்டும். என்ன ஒரு நிம்மதி!

இங்கே பழகுகிறவர்கள் கவனிக்க வேண்டியது கடற்புல். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடா கொந்தளித்தாலும் பாக் விரிகுடாக் கரை அமைதியாக இருக்கும், ஆனால் ஆழம் குறைவு. ஃபாயில் தண்டில் ஒரு இழை சுற்றினாலும் பலகை தடுமாறுகிறது. ஜெட்டின் உறிஞ்சுவாயும் புல்லை இழுத்து அடைத்துக்கொள்ளும். புல்திட்டுகளை மிதிக்காமல், கிழிக்காமல் தாண்டி, நெஞ்சளவுக்கு மேல் தண்ணீர் உள்ள இடத்தில்தான் இப்போது தொடங்குகிறோம்.

அப்புறம், கயிற்றை விட்டுவிட்டுப் படகு எழுப்பும் அலையிலேயே போவது இன்னும் கைகூடவில்லை. இரண்டு முறை நாலைந்து விநாடி நின்றேன். ஞாயிறு காலை மறுபடி இறங்குகிறேன்.